இரண்டு சென்ட் அபராதமும் ஆறு நயா பைசாவும்

ஸ்கேன் செய்யப்பட்ட பழைய புத்தகங்களோடு இணையத்துக்கு வந்து சேர்ந்த நூலகச் சீட்டுகள் என்ன சொல்கின்றன?

இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் பழைய இந்திப் புத்தகம் எதையாவது திறந்து பாருங்கள். கதை தொடங்கும் முன்போ முடிந்த பின்போ, கட்டம் போட்ட சீட்டு ஒன்று எதிர்ப்பட வாய்ப்புண்டு. மேலே, முசூரியில் உள்ள லால் பகதூர் சாஸ்திரி தேசிய நிர்வாக அகாடமி நூலகத்தின் பெயர். கீழே ஐந்து விதிகள். புத்தகம் 15 நாளுக்குத்தான். அவசரத் தேவை வந்தால் அதற்கு முன்னமே திரும்பக் கேட்கப்படும். தவணை தாண்டினால் புத்தகம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 25 பைசா. கேட்டால் தவணை நீளலாம், ஆனால் அது நூலகர் மனசு. பருவ இதழ்களும் அரிய நூல்களும் வெளியே போகாது, உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். தொலைத்தாலோ, கிறுக்கினாலோ, கிழித்தாலோ வேறு பிரதி வாங்கித் தர வேண்டும். இல்லையென்றால் இரு மடங்கு விலை. இத்தனைக்கும் பிறகு ஒரு வேண்டுகோள்: புத்தகத்தைப் புதிதாகவும் சுத்தமாகவும் கைமாறிக்கொண்டே இருக்கும்படியும் வைத்திருக்க உதவுங்கள்.

ஐ.ஏ.எஸ். பயிற்சி பெற வந்த இளைஞர்களுக்காக ஒட்டப்பட்ட சீட்டு அது. அந்த அகாடமி 1959-ல் தொடங்கியது. 1972-ல் சாஸ்திரியின் பெயரும், 1973-ல் 'தேசிய' என்ற சொல்லும் சேர்ந்தன. ஆகவே முழுப் பெயர் தாங்கிய சீட்டு எதுவும் 1973-க்கு முற்பட்டதாக இருக்க முடியாது. புத்தகம் அதற்கு ஐம்பது ஆண்டு முன்பே அச்சானதாக இருக்கலாம். 25 பைசா நாணயம் 2011 ஜூன் 30-ஓடு செல்லாமல் போனது. அபராதம் மட்டும் திரையில் அப்படியே இருக்கிறது.

மின்னாக்கம் செய்பவர்களில் பலர் இந்தச் சீட்டுகளை இடைஞ்சலாகத்தான் பார்க்கிறார்கள். புத்தகம் வேண்டும், சீட்டு எதற்கு என்று கேட்கிறார்கள். ஒரு புத்தகம் எழுதப்பட்டது என்பதற்குப் புத்தகமே சாட்சி. அது வாசிக்கப்பட்டது என்பதற்கு? பெரும்பாலான புத்தகங்களைப் பொறுத்தவரை அந்த ஒட்டுச்சீட்டும் அதன் மேல் விழுந்த ரப்பர் ஸ்டாம்பும் தவிர வேறு சாட்சியே கிடையாது. அதைத் துடைத்துவிட்டு நூலை மட்டும் காப்பாற்றினோம் என்று சொல்வது எனக்குச் சம்மதமில்லை.

மல்லாக்க வைத்துப் படம் எடுத்த காலம்

இந்தச் சீட்டுகள் இணையத்துக்கு வந்ததற்குக் காரணம், ஸ்கேன் செய்தவர்கள் எதையும் விடாமல் செய்ததுதான். பத்து லட்சம் நூல் திட்டம் என்ற பெயரில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் இந்திய, சீன நிறுவனங்களும் இணைந்து 2000-களின் தொடக்கத்தில் வேலையை ஆரம்பித்தன. முன்னின்று நடத்தியவர் ராஜ் ரெட்டி. சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர், 1994-ல் டூரிங் விருது பெற்றவர். இந்தியாவில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் பொறுப்பேற்றது. 2003-ல் இத்திட்டத்தின் இந்தியப் பிரிவான இந்திய மின் நூலகத்தின் இணையத்தளத்தை அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் தொடங்கிவைத்தார். ஹைதராபாத், கொல்கத்தா, நொய்டா என்று பல ஊர்களில் ஸ்கேன் மையங்கள் நடந்தன. தமிழ்நாட்டில் தஞ்சாவூர் சாஸ்த்ராவும் கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் கல்லூரியும் இதில் பங்கெடுத்தன.

புத்தகத்தை மேசையில் மல்லாக்க வைத்து, மேலிருந்து படம் எடுக்கும் கருவி. பக்கம் புரட்டுவது, பொத்தானை அழுத்துவது, மறுபடி புரட்டுவது. எந்தப் பக்கம் நூலைச் சேர்ந்தது, எது நூலகத்தைச் சேர்ந்தது என்று பிரித்துப் பார்க்க அந்த வேலையில் நேரம் கிடையாது. அட்டை முதல் அட்டை வரை எல்லாம் படமானது. உஸ்மானியா பல்கலைக்கழக நூலகத்துப் புத்தகங்களில் இன்னொரு விநோதமும் உண்டு. ஸ்கேன் செய்தவர்களே 'நனைந்த புத்தகம்', 'இறுக்கமான பைண்டிங்', 'பக்கங்கள் இல்லை' என்று பெரிய எழுத்தில் ஆங்கில அறிவிப்பை முதல் பக்கமாகச் சேர்த்தார்கள். அடுத்த பக்கத்தில் நூலகத்தின் பழைய சீட்டு: வகை எண், சேர்க்கை எண், ஆசிரியர், தலைப்பு, கடைசியாகக் குறித்த தேதிக்குள் திருப்பித் தர வேண்டும் என்ற கட்டளை. ஒரு புத்தகத்தின் இரண்டு வேறு காலத்துக் காவலர்கள் அடுத்தடுத்த பக்கங்களில் பேசுகிறார்கள்.

5 லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் இப்படிச் சேர்ந்தன. பிறகு அந்தத் தளமே முடங்கியது. அதற்குள் தன்னார்வலர்கள் பெரும் பகுதியை இன்டர்நெட் ஆர்க்கைவுக்கு ஏற்றிவிட்டதால்தான் இன்று அவை நம் கைக்கு எட்டுகின்றன. அந்த உழைப்புக்கு இந்திய வாசகர்கள் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம்.

ஓரணாவிலிருந்து ஆறு நயா பைசாவுக்கு

அந்தக் குவியலில் எனக்கு மிகப் பிடித்தவை டெல்லிப் பல்கலைக்கழக நூலகத்தின் சீட்டுகள். வாசகம் சின்னது. கடைசியாக முத்திரையிட்ட தேதியன்றோ அதற்கு முன்போ திருப்பித் தர வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு இவ்வளவு. அந்த 'இவ்வளவு' மட்டும் சீட்டுக்குச் சீட்டு மாறுகிறது. சிலவற்றில் ஓரணா. சிலவற்றில் 6 நயா பைசா.

1957 ஏப்ரல் 1 அன்று இந்தியா தசம நாணயத்துக்கு மாறியது. 16 அணா கொண்ட ரூபாய் 100 நயா பைசாவானது. கணக்குப் போட்டால் ஓரணாவுக்கு ஆறேகால் நயா பைசா. கால் பைசாவை நூலகம் விட்டுக்கொடுத்துவிட்டது. 1964 ஜூன் 1 முதல் 'நயா' என்ற முன்னொட்டும் போய் வெறும் பைசா ஆயிற்று. எனவே 'நயா பைசா' என்று அச்சான சீட்டைக் கண்டால், அது அந்த ஏழு ஆண்டுகளில் ஓடிய அச்சிலிருந்து வந்தது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். தேதி முத்திரைகள் மங்கி, ஆண்டு தெரியாமல் போன சீட்டில்கூட அபராதத் தொகை ஆண்டைச் சொல்லிவிடுகிறது. நாணய ஆய்வாளர்கள் அரசர் தலையைப் பார்த்துக் காலம் கணிப்பது போலத்தான் இதுவும்.

இன்னும் நெருங்கிப் பாருங்கள். அதே சீட்டில், எந்தத் தேதியிலிருந்து இந்தப் புத்தகம் இரவலுக்குப் போகலாம் என்று எழுத ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். பக்கத்தில் வகை எண். ஷேக்ஸ்பியர் நாடகம் என்றால் அது 'ஓ111,2ஜே64' என்று இருக்கும். ஓ என்றால் இலக்கியம். 111 ஆங்கிலம். 2 நாடகம். ஜே என்பது 1500-களைக் குறிக்கும் எழுத்து. ஜே64 என்றால் 1564, ஷேக்ஸ்பியர் பிறந்த ஆண்டு. தமிழ் இலக்கியத்துக்கு இதே முறையில் ஓ31. இந்தப் பகுப்பு முறையை உருவாக்கியவர் சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றார். இருபது ஆண்டுகள் அங்கே உழைத்துவிட்டு, பிற்பாடு 1947-ல் டெல்லிக்குப் போனார். புத்தகம் பயன்பாட்டுக்கே என்பது 1931-ல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவது. பூட்டிவைத்த புத்தகத்தால் யாருக்கும் பயனில்லை என்று வாழ்நாள் முழுதும் சொன்னவர் அவர். டெல்லிப் பல்கலைக்கழக நூலகத்தின் சீட்டில் அபராதம் ஓரணாதான் என்பதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. மிரட்டுவதற்காகப் போட்ட தொகையாக அது தெரியவில்லை. அடுத்தவர் காத்திருக்கிறார் என்று நினைவூட்டப் போட்ட தொகை.

கொல்கத்தா பாக்பஜார் ரீடிங் லைப்ரரியின் வங்காளச் சீட்டு இன்னும் எளிமையானது. பதினைந்து நாளில் புத்தகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரே வரி. கீழே பத்திகள்: பதிவெண், கொடுத்த தேதி, வாங்கிய தேதி. அபராதப் பேச்சே பெரிதாக இல்லை. ஒரு தெருக்காரர்கள் ஒருவரை ஒருவர் அறிந்து நடத்திய நூலகத்துக்கு அது போதுமாக இருந்திருக்கும்.

வீடு தேடி வரும் ஆள்

அமெரிக்கப் புத்தகங்களுக்குப் போனால் விதிகள் நீள்கின்றன. பாஸ்டன் நகரப் பொது நூலகம் 1854-ல் திறக்கப்பட்டது. நகர மக்கள் யாரும் காசு கொடுக்காமல் வீட்டுக்குப் புத்தகம் எடுத்துப் போகலாம் என்ற ஏற்பாட்டை அமெரிக்காவில் பெரிய அளவில் முதலில் செய்து காட்டியது அந்த நூலகம்தான். அதன் 19-ஆம் நூற்றாண்டுப் புத்தகங்களில் ஒட்டிய சீட்டு, நான் படித்த நூலக விதிகளிலேயே மிக அடர்த்தியானது. பெரும்பகுதி முற்றுப்புள்ளி இல்லாமல் அரைப்புள்ளி வைத்து வைத்து ஒரே மூச்சில் ஓடுகிறது.

ஒரு சமயத்தில் ஒரே ஒரு புத்தகம், அதுவும் அட்டை காட்டினால்தான். 14 நாள் வைத்திருக்கலாம். ஆனால் வெளியாகி ஓராண்டுக்குள் இருக்கும் நாவலோ சிறுவர் நூலோ என்றால் 7 நாள்தான். மறு தவணை கிடையாது. 21 நாள் தாண்டினால் நூலகத்திலிருந்து ஓர் ஆள் வீட்டுக்கே வந்து புத்தகத்தை வாங்கிப் போவார். அவருடைய வருகைக்கு 20 சென்ட், அது போக நாளுக்கு 2 சென்ட் அபராதம், ஞாயிறும் விடுமுறையும் சேர்த்து. வீட்டாருக்கு வெளியே யாருக்கும் இரவல் தரக் கூடாது. ஒருவர் அட்டையிலிருந்து இன்னொருவர் அட்டைக்கு மாற்றி மாற்றி ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. புத்தகம் சிதைந்திருப்பதைக் கண்டால் தெரிவிக்க வேண்டும். நூலகத்துக்கோ நூலகத்திலிருந்தோ அனுப்பிய கடிதம் தபாலில் தவறிப்போனது என்று காரணம் சொல்ல முடியாது. கீழே உள்ள தேதிப் பதிவை இரவல் பெற்றவர் எழுதவோ திருத்தவோ கூடாது.

எந்த விதியும் சும்மா பிறப்பதில்லை. அட்டை மாற்றும் தந்திரத்தைத் தடுக்க ஒரு விதி இருக்கிறது என்றால், அண்ணன் எடுத்த நாவலைத் தம்பி பெயருக்கு மாற்றி, தம்பியிடமிருந்து அக்கா பெயருக்கு மாற்றி, ஒரே வீட்டில் மாதக்கணக்கில் வைத்திருந்த குடும்பங்கள் பாஸ்டனில் இருந்தன என்று பொருள். தேதியைத் திருத்தக் கூடாது என்று அச்சடித்திருக்கிறார்கள் என்றால் யாரோ பேனாவை எடுத்துத் திருத்தியிருக்கிறார்கள். புது நாவலுக்கு 7 நாள் என்றால், வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேர். தபால் வரவில்லை என்ற சாக்கைக் கேட்டுக் கேட்டுச் சலித்த ஓர் எழுத்தரின் குரல்கூட அந்தக் கடைசி வாக்கியங்களில் எனக்குக் கேட்கிறது. 19-ஆம் நூற்றாண்டு பாஸ்டனின் வாசகப் பசியைப் பற்றி ஆய்வு நூல்கள் இருக்கின்றன. ஆனால் உள்ளங்கை அகலச் சீட்டில், நடந்த தவறுகள் அத்தனையையும் ஒருவர் அடக்கி வைத்திருப்பதைப் படிக்கும்போது கிடைக்கும் நெருக்கம் வேறு.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சீட்டு இதற்கு நேர்மாறு. பேச்சு குறைவு, தொகை அதிகம். திருப்பித் தர வேண்டிய நாளில் தராவிட்டால் எடுத்த எடுப்பில் 25 சென்ட். நான்காம் நாள் அது 50 சென்ட். ஏழாம் நாள் ஒரு டாலர். 1938-ல் அமெரிக்கக் கூட்டாட்சி அரசு முதன்முதலாக நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 25 சென்ட்தான். அந்தச் சீட்டுகளில் பல அதே காலத்தவை. அதை எப்படிச் சொல்கிறேன் என்றால், சீட்டின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறியீடு இருக்கிறது. உதாரணமாக 'எல்டி 21-95எம்-7,'37'. படிவ எண், அச்சடித்த பிரதிகள் 95,000, அச்சடித்த மாதம் ஜூலை, ஆண்டு 1937. அச்சகத்துக்காரர் தம் வசதிக்குப் போட்டது. இன்று அது வரலாற்றாளருக்கு வசதி. 95,000 சீட்டு ஒரே தடவையில் அச்சாக வேண்டியிருந்தது என்பதிலேயே அந்த நூலகத்தின் புழக்கம் தெரிகிறது.

தேதியைப் படிக்கவும் விதி வேண்டும்

சீட்டில் உள்ள தேதிகள்தானே முக்கியம், விதிகளை விட்டுவிட்டால் என்ன என்று ஒருவர் கேட்கலாம். விட முடியாது. கார்னெல் பல்கலைக்கழகச் சீட்டைப் பாருங்கள். மேலேயே, இந்தத் தேதி புத்தகம் எடுத்துச் செல்லப்பட்ட நாளைக் காட்டுகிறது என்று எழுதியிருக்கிறது. ஹார்வர்டு சீட்டிலோ, டெல்லிச் சீட்டிலோ முத்திரைத் தேதி என்பது திருப்பித் தர வேண்டிய நாள். இரண்டுக்கும் இடையே இரண்டு வாரமோ ஒரு மாதமோ வித்தியாசம் வரும். விதியை வெட்டிவிட்டுத் தேதிகளை மட்டும் வைத்துக்கொண்டால், அந்தத் தேதிகளுக்கு அர்த்தமே சொல்ல முடியாது.

கார்னெலின் மற்ற விதிகளிலும் ஒரு வளாகத்தின் வாழ்க்கை இருக்கிறது. கல்லூரி ஆண்டு முடியும்போது எல்லாப் புத்தகமும் பரிசோதனைக்கும் பழுதுபார்ப்புக்கும் திரும்பி வந்துவிட வேண்டும். மாணவர்கள் ஊரை விட்டுப் போகும் முன் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். ஆசிரியர்கள் வெளியூர் போனால், இடையில் யாராவது கேட்கும் புத்தகத்தை அனுப்பிவைக்க ஏற்பாடு செய்துவிட்டுப் போக வேண்டும். தமக்கு உள்ள நூலக உரிமையைப் பிறருக்காகப் பயன்படுத்தக் கூடாது. அன்பளிப்பாக வந்த நூல், கொடுத்தவர் விரும்பினால், வெளியே போகாது. கடைசியில், புத்தகத்தில் கிறுக்காதீர்கள். அந்தக் கடைசி வரிக்கு எதிர்ப்பக்கத்திலேயே பென்சில் அடிக்கோடுகளோடு ஸ்கேன் ஆன பிரதிகளும் இணையத்தில் இருக்கின்றன.

பிரிட்டனில் சில பொது நூலகங்களின் சீட்டுகளில், புத்தகத்தைத் திருப்பித் தராதீர்கள் என்று சொல்லும் விதி ஒன்று உண்டு. வீட்டில் தொற்றுநோய் வந்தால் புத்தகத்தைக் கொண்டுவர வேண்டாம், உடனே நூலகருக்குத் தெரிவியுங்கள் என்பது அது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், காசநோயும் அம்மையும் ஸ்கார்லெட் காய்ச்சலும் இரவல் புத்தகம் வழியே பரவும் என்ற பயம் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பரவியது. 1907-ல் பிரிட்டிஷ் பொதுச் சுகாதாரச் சட்டத் திருத்தம், நோய் வந்த வீட்டிலிருந்து புத்தகத்தைத் திருப்பித் தருவதைக் குற்றமாகவே ஆக்கியது. அபராதம் 40 ஷில்லிங் வரை. புத்தகத்தால் நோய் பரவியதாக நிரூபணமாகவில்லை. பயம் மட்டும் பின்னட்டையில் ஒட்டிக்கொண்டு நம் காலம் வரை வந்துவிட்டது. 2020-ல் உலகமெங்கும் நூலகங்கள் திரும்பி வந்த புத்தகங்களைத் தனியே அடுக்கி, சில நாள் தொடாமல் வைத்திருந்ததைக் கண்ட நமக்கு அந்த விதி அந்நியமாகத் தெரிய வேண்டியதில்லை.

பெயர் நிற்காத முறை

யார் எடுத்துப் போனார்கள் என்பது சீட்டில் இருக்காது. அதற்குக் காரணம் இருக்கிறது. நம் நாட்டு நூலகங்களில் வெகுகாலம் வழக்கில் இருந்தது, அமெரிக்க நூலகர் நீனா பிரவுன் 1895-ல் கொண்டுவந்த முறை. உறுப்பினருக்குப் பை போன்ற சிறு சீட்டு. புத்தகத்தின் உள்ளட்டையில் ஒரு புத்தக அட்டை. புத்தகம் கொடுக்கும்போது அந்த அட்டையை உருவி, உறுப்பினரின் சீட்டுக்குள் செருகி, தேதிவாரியாகத் தட்டில் அடுக்கிவிடுவார்கள். புத்தகம் திரும்பி வந்ததும் அட்டை புத்தகத்துக்கு, சீட்டு உறுப்பினருக்கு. எழுத்து வேலையே இல்லை, வேகமான முறை. ஆனால் புத்தகம் திரும்பிய கணத்தில், யார் எடுத்தார் என்ற தடமே அழிந்துவிடும். மிஞ்சுவது தேதிச் சீட்டில் விழுந்த ஒரு முத்திரை மட்டும்.

வாசகரின் அந்தரங்கத்துக்கு இது நல்லது. வாசிப்பின் வரலாற்றுக்குப் பெரிய இழப்பு. பேரேடு எழுதிய நூலகங்கள் எதைக் காப்பாற்றிக் கொடுத்தன என்பதற்கு அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து மன்சி என்ற ஊர் சான்று. அந்த ஊர் நூலகத்தின் 1891 முதல் 1902 வரையிலான இரவல் பேரேடுகள் 2003-ல் கண்டெடுக்கப்பட்டன. பால் ஸ்டேட் பல்கலைக்கழகம் அவற்றைத் தரவுத்தளமாக்கியது. ஏறத்தாழ 1,75,000 இரவல்கள். எந்த வயதில், எந்தத் தொழிலில் இருந்தவர் எதைப் படித்தார் என்று தேடிப் பார்க்கலாம். நம் பிரவுன் முறை நூலகங்களுக்கு அப்படி ஒரு பேரேடு கிடையாது. ஆகவே நம் தேதிச் சீட்டின் மதிப்பு அவர்களுடையதைவிடக் கூடுதல்.

முத்திரைகளை எண்ணினால் போதும், எந்தப் புத்தகம் அதிகம் படிக்கப்பட்டது என்று தெரிந்துவிடும் என நினைப்பதும் சரியல்ல. சீட்டு நிறைந்ததும் அதன் மேலேயே புதுச் சீட்டு ஒட்டுவார்கள், அல்லது கிழித்துவிடுவார்கள். மறு பைண்டிங்கில் பழைய உள்ளட்டை போய்விடும். நூலகத்திலேயே உட்கார்ந்து படித்தவருக்கு முத்திரை கிடையாது. சீட்டு சொல்வது குறைந்தபட்சக் கணக்கு. இத்தனை முறையாவது இந்தப் புத்தகம் ஒரு வீட்டுக்குப் போய் வந்தது என்ற அளவுக்கு அதை நம்பலாம்.

குப்பை என்று எண்ணித் துடைப்பவர்கள்

படமாக வந்த பக்கத்தை எழுத்துணரி மென்பொருள் எழுத்தாக மாற்றும்போது, சீட்டும் நூலின் பாகமாகிவிடுகிறது. நாவலின் முதல் வாக்கியத்துக்கு முன் அபராத விவரம் வந்து நிற்கும். இன்டர்நெட் ஆர்க்கைவ் பயன்படுத்திய பழைய மென்பொருளுக்கு இந்திய மொழிகள் தெரியாது. 2020-ன் இறுதியில் டெசராக்ட் மென்பொருளுக்கு மாறும்வரை, தமிழ், வங்காள நூல்களின் எழுத்துக் கோப்பைத் திறந்தால் பொருளற்ற குறிகள்தான் பக்கம் பக்கமாக ஓடும். நடுவே படிக்க முடிந்த வரி எது என்றால், ஆங்கிலத்தில் அச்சான நூலகச் சீட்டு. நூல் முழுக்க ஊமையாகி, இரவல் விதி மட்டும் பேசிய நிலை அது.

அதனால் எழுத்தைச் சுத்தம் செய்பவர்கள் முதலில் கை வைப்பது சீட்டில்தான். தேடுபவருக்கு இடையூறு என்பது நியாயமான காரணம்; எழுத்துக் கோப்பிலிருந்து எடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. படத்தையே நீக்குவதுதான் தவறு. அளவைக் குறைக்க, அழகுபடுத்த, கோப்பைச் சிறியதாக்க என்று முன்பின் பக்கங்களை வெட்டிவிட்டுப் பதிவேற்றும் வழக்கம் பெருகிவருகிறது. தமிழ் விக்கிமூலத்தில் கடைப்பிடிக்கும் வழி எனக்குச் சரியாகப் படுகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் கொடுத்த, ஏறத்தாழ 2,000 நாட்டுடைமை நூல்களைத் தன்னார்வலர்கள் அங்கே மெய்ப்புப் பார்க்கிறார்கள். முத்திரைப் பக்கமோ வெற்றுப் பக்கமோ வந்தால் உரை இல்லாத பக்கம் என்று குறித்துவிட்டு நகர்கிறார்கள். நூலின் உரையில் அது வராது. ஆனால் படம் அந்த இடத்திலேயே இருக்கும்.

விதிகள் ஒழிந்துவிட்டன என்றும் யாரும் நினைக்க வேண்டாம். கூகுள் ஸ்கேன் செய்த நூல்களின் முதல் பக்கத்தில் கூகுளே ஒரு விதித்தாளைச் சேர்த்திருக்கிறது. வணிக நோக்கில் பயன்படுத்தாதீர்கள், தானியங்கித் தேடல்களை ஏவாதீர்கள், எங்கள் முத்திரையை நீக்காதீர்கள், உங்கள் நாட்டுச் சட்டத்தை மீறாதீர்கள். அதே தாளில், ஓரக் குறிப்புகளும் பழைய அடையாளங்களும் நூலின் நீண்ட பயணத்தின் நினைவாக அப்படியே இருக்கும் என்றும் சொல்கிறார்கள். இன்டர்நெட் ஆர்க்கைவோ, பதிப்புரிமை உள்ள நூல்களை ஒரு மணி நேரத்துக்கோ 14 நாளுக்கோ இரவல் தருகிறது. பாஸ்டன் சீட்டில் இருந்த அதே 14 நாள். கையில் ஒரு பிரதி இருந்தால் ஒரு சமயத்தில் ஒருவருக்கு என்பது அதன் அடிப்படை. அதுகூடப் பதிப்புரிமை மீறல் என்று நான்கு பெரிய பதிப்பகங்கள் 2020-ல் வழக்குத் தொடுத்தன. 2023 மார்ச்சில் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது; 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஏறத்தாழ 5 லட்சம் நூல்கள் இரவல் பட்டியலிலிருந்து போயின. இதற்கிடையே, ஒரு காலத்தில் ஞாயிறுக்கும் சேர்த்து 2 சென்ட் வசூலித்த பாஸ்டன் பொது நூலகம், 2021 ஜூலை முதல் தாமத அபராதத்தையே கைவிட்டுவிட்டது.

நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-ல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது, ரங்கநாதனின் விடாமுயற்சியால். அதன் கீழ் உருவான நூலக ஆணைக்குழுக்களின் முத்திரை, கிளை நூலகத்தின் பெயர், சேர்க்கை எண், தேதிச் சீட்டு எல்லாம் தாங்கிய புத்தகங்கள் பைண்டிங் விட்டு, கிழிந்து, கழிக்கப்படும் வயதுக்கு வந்துவிட்டன. தமிழ் நூல்களை ஸ்கேன் செய்யும் நிறுவனங்களும் தன்னார்வலர்களும் இதை ஒரு வேண்டுகோளாக எடுத்துக்கொள்ள வேண்டும். உள்ளட்டையையும், தேதிச் சீட்டின் இரு பக்கத்தையும், புத்தக அட்டை இருந்தால் அதையும் படம் எடுங்கள். தனிநபர் பெயர் இருந்தால் அதை மட்டும் மறையுங்கள். விதியையும் தேதியையும் விட்டுவையுங்கள். கிளை நூலகர்களே, நிறைந்த சீட்டைக் கிழித்துப் புதிது ஒட்டும்போது பழையதைக் குப்பையில் போடாமல் அதே புத்தகத்துக்குள் செருகி வையுங்கள். உங்கள் அலமாரியில், எப்போதோ திருப்பித் தர மறந்த நூலகப் புத்தகம் ஒன்று இருந்தால், சீட்டோடு கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.